சொல்லிலிருந்து பிறந்த கதைகள்: ரேமோன் ரூசெலின் எழுத்துமுறை

ஒரு தண்டவாளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இரும்பால் செய்ததல்ல. கன்றுக்குட்டியின் நுரையீரலை அறுத்துச் செய்தது. சிவந்து, தொளதொளவென்று இருக்கிறது. அதன்மேல் சக்கரம் வைத்த ஒரு பீடம், பீடத்தின்மேல் ஒரு சிலை. மார்பில் ஆயுதம் பாய்ந்து சாய்கிற ஓர் அடிமையின் உருவம். அந்தக் காலத்து ஐரோப்பியப் பெண்கள் இடுப்பை இறுக்கக் கட்டிய கச்சைகளில் விறைப்புக்காகச் செருகுவார்களே, அந்தத் திமிங்கிலத் தகடுகளை வளைத்துச் சேர்த்து அந்தச் சிலையைச் செய்திருக்கிறார்கள். பீடம் நகர்கிறது. தண்டவாளம் நசுங்குவதில்லை. சிலை அவ்வளவு இலேசு.

1910-இல் வெளிவந்த 'ஆப்பிரிக்கப் பதிவுகள்' என்ற பிரெஞ்சு நாவலின் முதல் பக்கங்களில் வரும் காட்சி இது. எழுதியவர் ரேமோன் ரூசெல். இதைப் படிக்கும் எவருக்கும் ஏதோ காய்ச்சல் கனவு என்றுதான் தோன்றும். சர்ரியலிஸ்டுகளுக்கும் அப்படித்தான் தோன்றியது. தங்களுக்கு முன்பே கனவின் நாட்டுக்குள் குடியேறிவிட்ட ஒருவர் என்று அவரைக் கொண்டாடினார்கள். ஆனால் இந்தக் காட்சியில் கனவு துளியும் இல்லை. ஒரு கணக்கைப் போட்டு விடை எழுதுவதுபோல, நாற்காலியில் உட்கார்ந்து, சொற்களை வைத்து ரூசெல் இதைக் கண்டுபிடித்தார். அந்தக் கணக்கை அவர் எப்படிப் போட்டார் என்பதைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன்.

அதற்கு முன் சர்ரியலிசத்தைப் பற்றிச் சில வரிகள். 1924-இல் பிரெஞ்சுக் கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன் பாரிஸில் அதன் முதல் அறிக்கையை வெளியிட்டார். அறிவின் கட்டுப்பாடு இல்லாமல், அழகு, ஒழுக்கம் என்ற கவலைகளும் இல்லாமல், மனம் தானாக ஓடும் ஓட்டத்தை அப்படியே பதிவதுதான் சர்ரியலிசம் என்று அதில் வரையறுத்தார். அதற்கு ஐந்தாண்டுகள் முன்னால், 1919-இல், அவரும் ஃபிலீப் சூப்போவும் சேர்ந்து, யோசிக்காமல் திருத்தாமல் வேகவேகமாக எழுதிப் பார்த்திருந்தார்கள். இதைத் தன்னியக்க எழுத்து என்கிறோம். பேனா முன்னால் ஓட வேண்டும், புத்தி பின்னால் வந்தால் போதும். இதுதான் அடிப்படை.

பிரெத்தோனின் அறிக்கையில், தங்களுக்கு முன்னோடிகள் யார் யார் என்று ஒரு பட்டியல் வருகிறது. ஒவ்வொருவரும் எந்த விஷயத்தில் சர்ரியலிஸ்ட் என்று ஒரே வரியில் சொல்லிக்கொண்டு போகிறார். அதில் ரூசெலும் உண்டு: சம்பவங்களைச் சொல்வதில் அவர் சர்ரியலிஸ்ட் என்கிறது அந்த வரி. அந்தப் பட்டியலில் இருந்த பலருக்கு உலகம் முழுக்க வாசகர்கள் கிடைத்துவிட்டார்கள். ரூசெலைப் பிரான்சுக்கு வெளியே இன்றும் அதிகம் பேர் அறிய மாட்டார்கள்.

1877-இல் பாரிஸில் பெரும் பணக்காரக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். முதலில் பியானோ படித்தார், பிறகு கவிதைக்கு வந்தார். பத்தொன்பது வயதில் ஒரு நீண்ட செய்யுள் நாவலை எழுதத் தொடங்கியபோது அவருக்குள் ஏதோ நிகழ்ந்தது. தன் எழுத்திலிருந்து ஒளி கிளம்புகிறது என்று நம்பினார். சன்னல் திரைகளை இழுத்து மூடினார். மூடாவிட்டால் அந்தக் கதிர்கள் சீனா வரைக்கும் பாய்ந்துவிடும், கூட்டம் வீட்டைச் சூழ்ந்துகொள்ளும் என்று நினைத்தார். 1897-இல் புத்தகம் வெளிவந்தது. அவர் தெருவில் இறங்கி நடந்தார். ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த அடியிலிருந்து அவர் முழுதாக எழுந்திருக்கவே இல்லை.

பிற்பாடு அவருக்கு மருத்துவம் பார்த்த பியேர் ழானே இதையெல்லாம் கேட்டு எழுதி வைத்தார். ரூசெலுக்கு 'மார்சியால்' என்று மாற்றுப் பெயர் கொடுத்துத் தன் நூலில் சேர்த்தார். 'உளவியல் தன்னியக்கம்' பற்றி 1889-இலேயே நூல் எழுதியவர் இதே ழானேதான். பிரெத்தோனின் வரையறையில் வரும் 'தன்னியக்கம்' என்ற சொல்லுக்குப் பின்னால் அந்தக் கால மனநல மருத்துவம் முழுவதும் இருக்கிறது. அந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த மருத்துவரின் எதிரே நோயாளியாக உட்கார்ந்திருந்தவர், பின்னாளில் அந்த இயக்கம் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய எழுத்தாளர். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சிலிர்ப்பு வருகிறது.

அந்த முதல் புத்தகத்தின் பெயர் 'லா துப்ளூர்'. பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள். முக்கிய நடிகர் வராதபோது அவருக்குப் பதிலாக மேடையேறும் மாற்று நடிகர் என்பது ஒன்று. சட்டைக்கு உள்ளே வைத்துத் தைக்கும் உள்துணி என்பது மற்றொன்று. அவருடைய முறை அப்போது பிறந்திருக்கவில்லை. ஆனாலும் ஒரு சொல்லுக்குள் இன்னொரு சொல் உள்துணிபோல மறைந்திருப்பது, முதல் புத்தகத்தின் அட்டையிலேயே எழுதியிருந்தது.

இனி கணக்குக்கு வருவோம்.

ரூசெல் முதலில் இரண்டு சொற்களைத் தேர்ந்தெடுத்தார். 'பியார்' என்றால் பில்லியர்ட்ஸ் மேசை. 'பியார்' என்றால் கொள்ளைக்காரன். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலத் தெரிகின்றன, மன்னியுங்கள். நம் எழுத்தில் இந்த வேறுபாட்டைக் காட்ட வழியில்லை. 'பாம்பு' என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதலில் வரும் பகர ஒலி வேறு, கடைசியில் வரும் பகர ஒலி வேறு. மேசையின் பெயர் அந்தக் கடைசி ஒலியில் தொடங்குகிறது, கொள்ளைக்காரனின் பெயர் முதல் ஒலியில். வேறுபாடு அவ்வளவுதான், ஒரே ஓர் எழுத்து.

பிறகு இந்தச் சொல்லில் முடிகிற ஒரு வாக்கியத்தை அமைத்தார். அதில் உள்ள மற்றச் சொற்களுக்கும் இரண்டு இரண்டு பொருள் வரும்படி பார்த்துக்கொண்டார். 'லெத்ர்' என்றால் எழுத்து, கடிதம் என்றும் பொருள். 'பிளான்' என்றால் வெள்ளைச் சுண்ணக்கட்டி, வெள்ளைக்காரர் என்றும் பொருள். 'பாந்த்' என்றால் மேசையின் ஓரத் தடுப்பு, கும்பல் என்றும் பொருள். ஆக, அந்த ஓர் எழுத்தை மட்டும் மாற்றினால் வாக்கியம் முழுவதும் வேறாகிவிடுகிறது. 'பழைய பில்லியர்ட்ஸ் மேசையின் ஓரத் தடுப்புகளில் சுண்ணக்கட்டியால் எழுதிய எழுத்துகள்' என்பது ஒன்று. 'கிழட்டுக் கொள்ளைக்காரனின் கும்பல்களைப் பற்றி வெள்ளைக்காரர் எழுதிய கடிதங்கள்' என்பது மற்றொன்று. காதுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே.

முதல் வாக்கியத்தில் கதை தொடங்க வேண்டும், இரண்டாவதில் முடிய வேண்டும். நடுவில் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம், ஆனால் இங்கிருந்து அங்கே போய்ச் சேர்ந்தே ஆக வேண்டும். இப்படித்தான் தன் இளமைக்காலச் சிறுகதை ஒன்றை எழுதினார். அந்தச் சிறு விதையிலிருந்துதான் 'ஆப்பிரிக்கப் பதிவுகள்' முளைத்தது. பியூனஸ் அயர்ஸுக்குப் போன கப்பல் ஆப்பிரிக்கக் கரையில் ஒதுங்குகிறது. பயணிகள் பேரரசன் தாலூவிடம் சிறைப்படுகிறார்கள். விடுதலைக்குக் காத்திருக்கும் நாட்களில் ஒரு பெரிய கலைவிழாவுக்கு ஏற்பாடு செய்கிறார்கள். அந்தத் தாலூதான் வாக்கியத்தில் வந்த கொள்ளைக்காரன். பில்லியர்ட்ஸ் ஆடுகோலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லுக்குப் பின்னால் இழுபடும் அங்கி வால் என்றும் பொருள் உண்டு. அதனால் பேரரசனுக்கு நீண்ட அங்கி வந்துசேர்ந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த நாவலில் உள்ளது உண்மையான ஆப்பிரிக்கா அல்ல. அந்த நாடும் அந்த மக்களும் ஒரு மொழியின் சொல்விளையாட்டில் பிறந்தவர்கள். காலனிய காலத்துப் பிரெஞ்சுக்காரர் ஒருவர், கறுப்பின மக்களைத் தன் விருப்பம்போல் மேடையில் நிறுத்திய கற்பனை அது. ரூசெலை எவ்வளவு விரும்பினாலும் அந்தப் பக்கங்களை இன்று படிக்கும்போது மனம் உறுத்துகிறது. உறுத்தத்தான் வேண்டும்.

நாளாக ஆக, முழு வாக்கியம் தேவையில்லை என்று ரூசெல் கண்டுகொண்டார். இரண்டு பொருள் உள்ள ஒரு சொல், இரண்டு பொருள் உள்ள இன்னொரு சொல், இடையில் ஓர் இணைப்பு. அது போதும். இதைத் தமிழில் செய்துபார்த்தால் உடனே விளங்கும்.

'மாலையில் திங்கள்.' முதல் பொருள், அந்தி நேரத்தில் நிலா. நாம் அன்றாடம் பார்ப்பது, அதில் கதை ஒன்றும் இல்லை. இரண்டாவது பொருள், பூமாலைக்குள் திங்கட்கிழமை. பூமாலைக்குள் எப்படி ஒரு கிழமை இருக்க முடியும்? இப்போது மூளை வேலை செய்தாக வேண்டும். ஓர் அரண்மனைத் தோட்டக்காரர் ஏழு செடிகளை வளர்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் வாரத்தில் ஒரு நாள் மட்டுமே மலரும். ஏழு மொட்டுகளையும் ஒரே நாரில் கட்டி, சன்னல் இல்லாத சிறையில் கிடக்கும் அரசிக்கு அனுப்புகிறார். எந்த மொட்டு அவிழ்கிறது என்று பார்த்து அவள் கிழமையைத் தெரிந்துகொள்கிறாள். ஞாயிறு மொட்டுக்கு அடுத்து, திங்கள் மொட்டு இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தால், அன்றிரவு கதவு திறந்திருக்கும் என்று அர்த்தம்.

இப்போது 'மாலையில் திங்கள்' என்ற தொடரை அழித்துவிடுங்கள். வாசகர் கையில் மிஞ்சுவது தோட்டக்காரரும் அரசியும் ஏழு மொட்டுகளும்தான். இவை எங்கிருந்து வந்தன என்று யாராலும் ஊகிக்க முடியாது. ரூசெல் செய்ததும் இதைத்தான்.

கட்டுரையின் தொடக்கத்தில் பார்த்த நுரையீரல் தண்டவாளமும் இப்படி வந்ததே. 'மூ' என்றால் சோம்பிக் கிடப்பவன், கன்றின் நுரையீரல் என்றும் பொருள். 'ராய்' என்ற ஒலிக்குக் கேலி என்றும் தண்டவாளம் என்றும் பொருள். கேலிக்கு ஆளாகும் சோம்பேறியைப் பற்றிய தொடர், நுரையீரலால் ஆன தண்டவாளமாக மாறிவிட்டது. சிலையும் அவ்வாறே: 'பலேன்' என்றால் திமிங்கிலம், கச்சையின் தகடும் அதுவே, 'இலோ' என்றால் சிறு தீவு, சற்று மாறினால் 'இலோத்', பழைய ஸ்பார்ட்டாவின் அடிமை. தீவோரத்துத் திமிங்கிலம், தகடுகளால் ஆன அடிமைச் சிலையாயிற்று.

அதே நாவலில் இசைக்கருவி வாசிக்கும் புழு ஒன்று வருகிறது. என் மனத்தை விட்டு அகலாத காட்சி. நரம்புகளுக்கு மேலே, நீர் நிறைந்த ஒரு தொட்டிக்குள் புழு கிடக்கிறது. அடியில் உள்ள பிளவை அது தன் உடலால் அடைத்திருக்கிறது. உடலை நெளிக்கும்போது கனமான நீர்த்துளி கீழே விழுகிறது, நரம்பு ஒலிக்கிறது. புழுவுக்குப் பிரெஞ்சில் 'வேர்'. கவிதை வரிக்கும் அதே ஒலி. விக்தோர் ஹ்யூகோ தன் பாடல் ஒன்றுக்கு ஒரு நரம்புக்கருவியின் பெயரைச் சூட்டியிருந்தார். 'கவிதை வரிகள் கொண்ட கருவி' என்பது 'புழு கொண்ட கருவி' ஆனது. அதன்பிறகு தொட்டி, பிளவு, துளி, பயிற்சி என்று பொறியாளரைப்போல ஒவ்வொன்றாகப் பொருத்தினார். விதை ஒரு நொடியில் கிடைத்திருக்கலாம். அதை நம்பும்படியாக நடத்திக் காட்டியதில்தான் அவருடைய உழைப்பெல்லாம் இருக்கிறது.

1914-இல் வந்த 'லோக்குஸ் சோலுஸ்' நாவலில், கான்தெரெல் என்னும் அறிவியலாளர் தன் தோட்டத்தில் விருந்தினர்களுக்கு ஒவ்வொரு விந்தையாகக் காட்டிக்கொண்டு போகிறார். அதில் ஒன்று, அவர் முன்கூட்டியே கணித்துவைத்த காற்றின் போக்கில் தானாகப் பறந்து இறங்கும் ஒரு திமிசுக்கட்டை, அதாவது தரையை இடித்துச் சமன்படுத்தும் கருவி. அது மனிதப் பற்களை ஒவ்வொன்றாக எடுத்து, நிறம் பார்த்து அடுக்கி, ஒரு போர்வீரனின் சித்திரத்தை உருவாக்குகிறது. பிரெஞ்சில் இளம்பெண்ணுக்கும் திமிசுக்கட்டைக்கும் ஒரே சொல். 'மணம் பேச வருபவன்' என்ற சொல்லைப் பிரித்துத் திரித்தால் 'பற்களால் ஆன வீரன்' என்று காதில் விழும். இளம்பெண்ணும் மாப்பிள்ளையும் எங்கே, பறக்கும் திமிசுக்கட்டையும் பல் ஓவியமும் எங்கே!

மூன்றாவது வழி, கிடைத்த எந்தத் தொடரையும் ஒலியாக உடைப்பது. மூக்குப்பொடி டப்பாவைப் பற்றிய குழந்தைப் பாட்டு ஒன்று பிரெஞ்சில் உண்டு. ரூசெல் அதன் முதல் அடியை உடைத்து, பச்சைக்கல், குழாய், அலை, விடியற்காலை இசை என்று தனித்தனிச் சொற்களாகப் பிரித்தெடுத்து, அவற்றை வைத்து ஒரு கதையைக் கட்டினார். தமிழில் 'ஊஞ்சல் பலகை' என்பதை 'ஊஞ்சல், பல கை' என்று உடைத்துப் பாருங்கள். மெழுகில் வார்த்த பல கைகள் ஒன்றையொன்று பற்றி ஓர் ஊஞ்சலாகத் தொங்குகின்றன. யாருடைய கைகள்? யார் உட்காரப் போகிறார்கள்? கதை தொடங்கிவிட்டது.

நமக்கு இது முற்றிலும் புதிதல்ல. தண்டியலங்காரம் சிலேடையைச் செம்மொழிச் சிலேடை, பிரிமொழிச் சிலேடை என்று இரண்டாக வகுக்கிறது. சொல் பிரியாமல் இரு பொருள் தருவது முதலாவது, பிரிந்து வேறு பொருள் தருவது இரண்டாவது. 'மாலை' முதல் வகை, 'பலகை' இரண்டாம் வகை. ஆனால் காளமேகம் பாம்புக்கும் எள்ளுக்கும் சிலேடை பாடினால், இரண்டு பொருளும் கேட்பவருக்குத் தெரிந்தாக வேண்டும். தெரிந்தால்தான் சுவை, தெரியாவிட்டால் பாட்டே இல்லை. ரூசெலிடம் இது தலைகீழ். முதல் பொருளை அவர் யாருக்கும் காட்டுவதில்லை. கோபுரம் கட்டி முடித்தபின் சாரத்தைப் பிரித்து எடுத்துப்போவதுபோல எடுத்துப்போய்விடுகிறார். வாசகர் சிலேடையைப் பார்ப்பதில்லை, அதன் பிள்ளைகளை மட்டுமே பார்க்கிறார்.

இந்த ரகசியம் தெரியாமலேயே சர்ரியலிஸ்டுகள் அவரை நேசித்தார்கள். ரூசெல் தன் சொந்தப் பணத்தைக் கொட்டி நாடகங்களை மேடையேற்றினார். ஜனங்கள் கத்தினார்கள், கேலி செய்தார்கள். 1912-இல் 'ஆப்பிரிக்கப் பதிவுகள்' நாடகத்தைப் பார்த்தவர்களில் ஓவியர் மார்செல் துஷானும் ஒருவர். தன் புகழ்பெற்ற பெரிய கண்ணாடிப் படைப்புக்கு அடிப்படையில் ரூசெல்தான் காரணம் என்று அவர் பிற்காலத்தில் சொன்னார். 1924-இல் 'நெற்றியில் நட்சத்திரம்' நாடகத்தின்போது அரங்கில் சண்டையே மூண்டது. ரூசெலின் பக்கம் நின்று கைதட்டிய சர்ரியலிஸ்டுகளைப் பார்த்து, காசுக்குக் கைதட்டும் கூட்டம் என்ற பொருளில் ஒருவர் 'கிளாக்' என்று கத்தினார். 'கிளாக்' என்றால் கன்னத்தில் விழும் அறை என்றும் பொருள். கவிஞர் ரொபேர் தெஸ்னோஸ் உடனே திருப்பிச் சொன்னார்: "நாங்கள் அறை, நீங்கள் கன்னம்." ரூசெலின் முறையை அறியாத ஒருவர், ரூசெலுக்காக வாதாட எழுந்தபோது வாயில் வந்தது ஒரு சிலேடை. நான் எத்தனை முறை படித்தாலும் அலுக்காத சம்பவம் இது.

ரூசெல் அவர்களோடு சேரவில்லை. அவருக்குப் பிடித்தவர் சாகசக் கதைகள் எழுதிய ழூல் வெர்ன். பெருந்திரளான மக்கள் தன்னைப் படிக்க வேண்டும் என்பதுதான் கடைசிவரை அவருடைய ஏக்கம். கிடைத்ததோ விரல்விட்டு எண்ணக்கூடிய இளம் கவிஞர்கள். அவர்களும் அவரை ஓரளவு தவறாகவே புரிந்துகொண்டிருந்தார்கள். பிடியை விட்டால் அற்புதம் வரும் என்பது அவர்கள் நம்பிக்கை. பிடியை இறுக்கினால் அற்புதம் வரும் என்பதற்கு ரூசெல் சாட்சி. ஆனாலும் இரு தரப்புக்கும் பொதுவான ஒன்று உண்டு என்று நினைக்கிறேன். அனுபவத்தைச் சொல்வதற்கான கருவியாக மட்டும் சொல்லைப் பார்க்க இருவருமே மறுத்தார்கள். ரூசெல் உலகம் முழுவதும் சுற்றியவர். இந்தியா வழியாகவும் போயிருக்கிறார். அந்தப் பயணங்கள் எதிலிருந்தும் தன் புத்தகங்களுக்கு எதையுமே எடுத்துக்கொள்ளவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். அவருக்குக் கற்பனையே எல்லாம்.

1933 ஜூலையில், சிசிலியின் பலெர்மோ நகரில் ஒரு விடுதி அறையில், அளவுக்கு மீறிய உறக்க மருந்தால் இறந்தார். குடும்பச் சொத்து பெரும்பாலும் கரைந்திருந்தது. இறப்பதற்கு முன் ஒரு கைப்பிரதியை அச்சுக்கு ஒப்படைத்து, தன் மரணத்துக்குப் பிறகே வெளியிட வேண்டும் என்று ஏற்பாடு செய்திருந்தார். 1935-இல் அது வந்தது. மேசையும் கொள்ளைக்காரனும், புழுவும் கவிதை வரியும், பல் வீரனும் எல்லாம் அதில்தான் வெளிப்பட்டன. பின்னால் வந்த தத்துவ அறிஞர் மிஷேல் ஃபூக்கோ 1963-இல் ரூசெலைப் பற்றி ஒரு முழு நூல் எழுதினார். விதிகளை வகுத்துக்கொண்டு எழுதிய ழோர்ஜ் பெரெக் போன்றவர்களுக்கு ரூசெல் மூதாதை ஆனார். 1989-இல் பாரிஸின் ஒரு சாமான் கிடங்கில் அவருடைய கைப்பிரதிகள் நிறைந்த பெட்டிகள் கிடைத்தன. இன்று அவை பிரான்சின் தேசிய நூலகத்தில் உள்ளன.

படிக்கத் தொடங்க விரும்புபவர்களுக்கு ஒரு குறிப்பு. 'ஆப்பிரிக்கப் பதிவுகள்' நாவலின் முதல் பாதியில் விந்தைகள் மட்டும் வரும், விளக்கம் வராது. இரண்டாம் பாதியில்தான் ஒவ்வொன்றின் பின்கதையும் வருகிறது. பழக்கமில்லாத வாசகர்கள் 212-ஆம் பக்கத்திலிருந்து இறுதிவரை படித்துவிட்டு, பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பலாம் என்று ரூசெலே ஒரு துண்டுச் சீட்டை அச்சிட்டுப் புத்தகத்துக்குள் வைத்தார். அந்த யோசனையை ஏற்காதீர்கள் என்பேன். முதல் பக்கத்திலிருந்தே தொடங்கி, ஒன்றும் புரியாமல் இருநூறு பக்கம் நடந்து பாருங்கள். முறை தெரிந்துவிட்டதே, இனி மர்மம் ஏது என்று தயங்கவும் வேண்டாம். இறந்தபின் வந்த அந்தப் புத்தகத்தின் பெயர் 'என் புத்தகங்களில் சிலவற்றை நான் எழுதிய விதம்'. 'சில' என்றுதான் அவர் எழுதினார். அந்தச் சிலவற்றிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகவே பூட்டைத் திறந்து காட்டினார். மற்ற விந்தைகள் எந்தச் சொல்லிலிருந்து கிளம்பின என்பதை அவர் தன்னோடு கொண்டுபோய்விட்டார்.